இயக்கத்திற்கு இலக்கணம் வகுத்த கலிலியோ

மரத்தினின்று கனி வீழ்தலும், மேட்டினின்று கல் உருண்டோடலும், வில்லினின்று கணை பாய்தலும் மக்கள் தோன்றிய நாள்தொட்டுக் கண்டுவந்த காட்சிகளே. கண்டார் பலர், அளந்தார் இலர். நின்றதொரு பொருள் இயங்கத் தொடங்குங்கால் அதன் வேகம் எவ்வாறு வளர்கின்றது, ஒவ்வொரு விநாடியிலும் அஃது எவ்வளவு தொலைவு கடக்கின்றது என்னும் வினாக்களுக்கு, ஏட்டளவில் நில்லாது கருவிகொண்டு விடைகண்டவர் இத்தாலிய நாட்டுக் கலிலியோ கலிலி என்னும் பேரறிஞர் ஆவர். தொலைநோக்காடியால் வானத்தை ஆராய்ந்த கலிலியோவைப் பலரும் அறிவர். ஒரு மரச்சட்டமும், ஒரு வெண்கலக் குண்டும், ஒரு கலம் நீருங் கொண்டு இயக்கத்திற்கு இலக்கணம் வகுத்த கலிலியோவை அறிந்தார் அத்துணைப் பலரல்லர். இவ்விரு பணிகளையும் ஒருசேர நோக்கினாலன்றி அவர் பெருமை முழுவதும் விளங்காது. ஆதலின் அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

கலிலியோ 1564ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் பீசா நகரிற் பிறந்தார். சிற்பக்கலையிற் சிறந்த மைக்கலாஞ்சலோ இவ்வுலக வாழ்வை நீத்தது அதற்கு மூன்று நாட் பின்னர். ஆங்கில நாடகப் புலவர் ஷேக்ஸ்பியர் தோன்றியதும் அவ்வாண்டே. தந்தையார் பெயர் வின்சென்சோ கலிலி. தாயார் ஜூலியா அம்மன்னாத்தி. குடும்பத்தில் முதற்பிள்ளை நம் கலிலியோ. கலிலேயா நாட்டை நினைப்பூட்டும் இக்குலப்பெயர், அக்குடியிற் பதினைந்தாம் நூற்றாண்டில் விளங்கிய மருத்துவர் ஒருவரது இயற்பெயரினின்று வந்தது.

வின்சென்சோ யாழையொத்த லூட் என்னும் நரம்புக்கருவியில் வல்லவர், இசைநூல் எழுதியவர். நரம்பிற் கட்டித் தொங்கவிடும் எடையை இருமடங்காக்கினால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும் என்று முன்னோர் எழுதிவைத்ததை அவர் அவ்வாறே ஏற்றாரல்லர். எடைகளைத் தாமே தொங்கவிட்டுப் பார்த்து, நான்கு மடங்காக்கினாலன்றி உயராது எனக் கண்டார். பெரியோர் கூறினர் என்பது கொண்டு ஒன்றை நம்புதல் கூடாது, செய்து பார்த்தே துணிதல் வேண்டும் என்னும் பாடத்தை மகன் முதன்முதற் கற்ற பள்ளி தந்தையின் இசையறையே எனலாம்.

இளமையில் வல்லம்புரோசா என்னும் மலைமடத்திற் பயின்ற கலிலியோவுக்குத் துறவுவாழ்வில் விருப்பமுண்டாயிற்று. தந்தையார் அதற்கு இசையாது அவரை வீட்டிற்கு அழைத்துக்கொண்டார். பொருள்வளம் குன்றிய குடும்பத்தை மருத்துவத் தொழில் தாங்கும் எனக் கருதி, 1581ஆம் ஆண்டு பீசாப் பல்கலைக்கழகத்திற் சேர்ப்பித்தார். ஆனால் ஒஸ்தீலியோ ரிச்சி என்னும் கணித ஆசிரியர் யூக்கிளிடின் வடிவக்கணிதத்தை விளக்கக் கேட்டபின் மருத்துவ நூல்கள் அவ்விளைஞருக்குச் சுவைக்கவில்லை. 1585ஆம் ஆண்டு பட்டம் எதுவும் பெறாமலே அவர் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார்.

இக்காலத்தைப் பற்றிய கதையொன்று பலராலும் கூறப்படுகின்றது. பீசாக் கோயிலில் ஆடிக்கொண்டிருந்த விளக்கைக் கண்டு, தம் நாடித்துடிப்பால் அதன் ஆட்டத்தை அளந்து, ஊசலின் இயல்பை அறிந்தார் என்பதே அது. மாணாக்கராகிய விவியானி எழுதிய வரலாற்றினின்று இக்கதை பரவிற்று. இன்று அங்குக் காட்டப்படும் விளக்கு 1587ஆம் ஆண்டிலேயே தொங்கவிடப்பட்டது. ஊசலைப் பற்றிக் கலிலியோ தாமே எழுதிய முதற் குறிப்பு 1602ஆம் ஆண்டுக் கடிதமொன்றிற் காணப்படுகின்றது. ஆகவே கதையைக் கதையாகவே கொள்ளுதல் நேரிது.

பேராசிரியர்

1589ஆம் ஆண்டு, தாம் பட்டம் பெறாத அப்பல்கலைக்கழகத்திலேயே கலிலியோ கணிதப் பேராசிரியரானார். ஆண்டொன்றுக்கு 60 ஸ்கூதியே ஊதியம். பளுவான பொருள் விரைந்தும் இலேசான பொருள் மெல்லவும் வீழும் என்னும் அரிஸ்டாட்டிலின் கொள்கையை அவர் ஐயுறத் தொடங்கியது இக்காலத்தே. சாய்ந்த கோபுரத்தின் உச்சியினின்று இரு குண்டுகளை விடுத்துக் காட்டினார் என்பதும் விவியானி வாயிலாக வந்த செய்தியே. அதற்கு வேறு சான்றில்லை. ஆயினும் கோபுரமின்றியே அக்கொள்கையை வீழ்த்தும் நியாயமொன்றை அவர் பிற்காலத்து நூலிற் காட்டியுள்ளார். பெருங்கல் விரைந்தும் சிறுகல் மெல்லவும் வீழ்வதாகக் கொள்வோம். இரண்டையும் ஒன்றாகப் பிணித்து விடுத்தால் யாதாகும்? சிறுகல் பின்னே இழுத்தலால் பெருங்கல்லின் வேகம் குறைதல் வேண்டும். ஆனால் பிணித்த கற்கள் பெருங்கல்லினும் பளுவானவை ஆதலின் வேகம் மிகுதலும் வேண்டும். ஒரே பொருளுக்குக் குறைதலும் மிகுதலும் ஒருங்கே கூடாமையின், கொண்ட கொள்கையே பிழையென்பது பெறப்படும்.

1591ஆம் ஆண்டு தந்தையார் இறந்தார். மூத்த மகனாகிய கலிலியோவின் தோள்மேற் குடும்பச் சுமை முழுவதும் வீழ்ந்தது. தங்கையர்க்குத் தரவேண்டிய சீதனம் ஒருபுறம். இசைவாணராகிய தம்பியின் பொருள்முடை ஒருபுறம். நம் நாட்டு வீடுகளில் மூத்த பிள்ளைகள் படும் இடரை அறிந்த நமக்கு இஃது அயலான செய்தியன்று. 1592ஆம் ஆண்டு வெனிஸ் குடியரசின் ஆட்சிக்குட்பட்ட பதுவாப் பல்கலைக்கழகத்தில் 180 புளோரின் ஊதியத்தில் அமர்ந்து, ஆண்டுப் பதினெட்டு ஆங்குக் கழித்தார். மாணாக்கரைத் தம் இல்லத்திலேயே உண்டியும் உறையுளுந் தந்து வைத்துக் கற்பித்தும், படைத்துறையினர்க்குப் பயன்படும் கணிப்புக் கவராயம் ஒன்றைச் செய்வித்து விற்றும் கடனைத் தீர்க்க முயன்றார். மரீனா கம்பா என்பவரோடு முறைப்படி மணமின்றி வாழ்ந்து, வர்ஜீனியா, லிவியா என்னும் இரு பெண்களையும் வின்சென்சோ என்னும் ஓர் ஆணையும் பெற்றார்.

இயக்கத்தை அளந்தமை

இப்பதுவா வாழ்க்கையிலேதான் கலிலியோ தம் வாழ்நாளின் ஆழ்ந்த ஆராய்ச்சியைச் செய்தார். வீழும் பொருளின் வேகத்தை அளத்தல் எளிதன்று. ஏழு மீட்டர் உயரத்தினின்று வீழுங் கல் ஒன்றேகால் விநாடிக்குள் நிலத்தைச் சேரும். அக்காலத்துக் கடிகாரங்களோ விநாடியைக் காட்டவல்லன அல்ல. வீழ்ச்சியை விரைவு குறைத்துக் காண வழியுண்டோ என்று சிந்தித்த கலிலியோ, சாய்தளத்தைத் துணைக்கொண்டார். நேரே வீழும் பொருளும் சரிவில் உருளும் பொருளும் ஒரே விதிக்கு உட்பட்டன. சரிவில் அவ்விதி மெல்ல நடைபெறுகின்றது, அவ்வளவே.

பன்னிரண்டு முழம், அதாவது ஏறக்குறைய ஏழு மீட்டர், நீளமுள்ள மரச்சட்டம் ஒன்றில் விரலகலமான நேர்ப்பள்ளம் தோண்டினார். அதனை இழைத்து வழவழப்பாக்கி, உள்ளே மெருகிட்ட தோலை ஒட்டுவித்தார். சட்டத்தின் ஒரு முனையை ஒரு முழமோ இருமுழமோ உயர்த்தி, நன்கு திரண்ட வெண்கலக் குண்டைப் பள்ளத்தில் உருளவிட்டார். காலத்தை அளத்தற்கு நீர்க்கலம் ஒன்றை உயரத்தில் வைத்து, அதன் அடியிற் சிறு குழாய் அமைத்தார். குண்டு ஓடத் தொடங்குங்கால் நீர் ஓடத் தொடங்கும். குண்டு நின்றதும் நீர் நிற்கும். சிறு கிண்ணத்திற் பிடித்த நீரைத் தராசில் நிறுத்தார். நீரின் எடை எவ்வளவோ அவ்வளவே காலம். நூறு முறை செய்தும் நாடித்துடிப்பிற் பத்திலொரு பங்களவும் வேறுபாடு காணவில்லை என்று அவர் எழுதினார். இத்துணைத் துல்லியம் கூடுமோ என்று பிற்காலத்தார் சிலர் ஐயுற்றனர். 1961ஆம் ஆண்டு தாமஸ் செட்டில் என்னும் ஆராய்ச்சியாளர் அத்தகைய கருவிகளையே அமைத்து அச்சோதனையைச் செய்து பார்த்து, கலிலியோ கூறியது கூடியதே எனக் காட்டினார்.

கண்ட முடிபு யாது? முழுச் சரிவையும் கடக்க ஒரு காலம் ஆயின், சரிவின் நாற்கூறில் ஒரு கூற்றைக் கடக்க அக்காலத்திற் பாதி ஆயிற்று. ஒரு முழம் உயர்த்திய சட்டத்தில் குண்டு முழுதும் ஓடி முடிய ஏறக்குறைய ஐந்து விநாடி செல்லும் என்று இன்று கணக்கிடலாம். காற்பங்கு நீளத்திற்கு இரண்டரை விநாடி. காலம் இருமடங்கானால் தொலைவு நான்மடங்கு. காலம் மும்மடங்கானால் தொலைவு ஒன்பது மடங்கு. தொலைவு காலத்தின் வர்க்கத்திற்கு ஒத்து வளர்கின்றது என்பதே அவ்விதி. இதனையே வேறு வகையாற் கூறின், முதற்கண் கடந்த தொலைவு ஒன்றாயின், அடுத்தடுத்த சமகாலங்களிற் கடக்குந் தொலைவுகள் மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படை எண்களாய்ப் பெருகும்.

வேகமும் முடுக்கமும்

கலைப்பிரிவு மாணவராகிய நம்மனோர்க்கும் விளங்குமாறு இதனைச் சிறிது விரிப்போம். ஒருவர் 10 விநாடியில் 50 மீட்டர் ஒரே சீராக ஓடினால் அவர் வேகம் விநாடிக்கு 5 மீட்டர். கடந்த தொலைவைக் காலத்தால் வகுத்துப் பெற்றோம். எத்திசையில் என்பதனையுஞ் சேர்த்துக் கூறினால் அது திசைவேகம் எனப்படும். நேர்கோட்டு இயக்கத்தில் திசை இரண்டே. முன்னோக்கியதைக் கூட்டற்குறியாலும் பின்னோக்கியதைக் கழித்தற்குறியாலும் குறிப்பர். வேகம் சீராக இல்லாது மாறினால், அம்மாற்றத்தைக் காலத்தால் வகுக்கக் கிடைப்பது முடுக்கம். முடுக்குதல் என்பது விரைவுபடுத்தலாதலின் இச்சொல் பொருத்தமுடையதே.

மேலிருந்து விடுத்த கல்லொன்றைக் கருதுவோம். காற்றின் தடையை விலக்கிக் கணக்கிட்டால், முதல் விநாடியின் முடிவில் அதன் வேகம் விநாடிக்கு 9.8 மீட்டர், இரண்டாம் விநாடி முடிவில் 19.6 மீட்டர், மூன்றாம் விநாடி முடிவில் 29.4 மீட்டர். ஒவ்வொரு விநாடியிலும் 9.8 மீட்டர் வேகம் கூடுதலின், முடுக்கம் விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர். இனித் தொலைவைக் காண்போம். முதல் விநாடியில் வேகம் சுழியில் தொடங்கி 9.8இல் முடிந்தது, இடைப்பட்ட சராசரி 4.9, ஆகவே கடந்தது 4.9 மீட்டர். இரண்டாம் விநாடியிற் சராசரி வேகம் 14.7, மூன்றாம் விநாடியில் 24.5. இவற்றை 4.9ஆல் வகுத்துப் பார்மின்! ஒன்று, மூன்று, ஐந்து என்னும் கலிலியோவின் எண்களே வருகின்றன. மூன்று விநாடியிலும் கடந்த மொத்தத் தொலைவு 44.1 மீட்டர், அது முதல் விநாடித் தொலைவைப்போல் ஒன்பது மடங்கு.

மற்றொன்று. கல்லை விநாடிக்கு 19.6 மீட்டர் வேகத்துடன் நேர்மேலே எறிவோம். ஒரு விநாடியில் வேகம் 9.8 ஆகக் குறையும். இரு விநாடியில் சுழியாகும். அப்போது கல் 19.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். அக்கணத்தில் வேகம் இல்லையாதலின் முடுக்கமும் இல்லை என்று கருதுவார் உளர். அது பொருந்தாது. வேகம் சுழியாய கணத்திலும் முடுக்கம் கீழ்நோக்கி 9.8 ஆகவே உள்ளது. அஃது இல்லையாயின் கல் வானத்திலேயே நின்றுவிடுமன்றோ? வேகம் வேறு, வேகத்தின் மாற்றம் வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிதலே இப்பகுதியின் உயிர்நிலை.

இவ்வாறு தொலைவைக் காலத்தால் வகுக்கும் முறையைக் கலிலியோ கையாண்டாரல்லர். ஓரினத்தளவையை மற்றோரினத்தளவையால் வகுத்தல் யூக்கிளிட் வழிவந்த கணிதத்திற்கு உடன்பாடன்று. ஆதலின் அவர் தொலைவைத் தொலைவோடும் காலத்தைக் காலத்தோடும் ஒப்பிட்டு, விகிதங்களாலேயே யாவற்றையும் நிறுவினார். சீராக வளரும் வேகத்துடன் சென்ற பொருள், இறுதி வேகத்திற் பாதியுடன் ஒரே சீராய்ச் சென்ற பொருள் கடக்கும் தொலைவையே கடக்கும் என்னும் உண்மையைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்போர்டு மெர்ட்டன் கல்லூரி அறிஞர் கூறியிருந்தனர். பிரெஞ்சு நாட்டு நிக்கோல் ஓரெம் அதனை முக்கோணப் படத்தால் விளக்கினார். அவர்கள் மனத்தளவிற் கண்ட இயக்கம் உண்மையில் வீழும் பொருளில் நிகழ்கின்றது என்று சோதனையாற் காட்டிய பெருமை கலிலியோவினுடையது.

அவரும் வழுவாது சென்றாரல்லர். 1604ஆம் ஆண்டு வெனிஸ் நகரத்து அறிஞர் பாவோலோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில், வீழும் பொருளின் வேகம் அது கடந்த தொலைவிற்கு ஒத்து வளர்கின்றது என்று அவர் குறித்தார். சோதனையிற் கண்ட விதி சரி. அதற்குக் கூறிய காரணம் பிழை. வேகம் தொலைவிற்கு ஒத்ததாயின், தொடக்கத்தில் தொலைவு சுழியாதலின் வேகமும் சுழியேயாம். ஆகவே பொருள் இயங்கத் தொடங்குதலே இல்லை. சில்லாண்டுகள் சிந்தித்தபின் வேகம் காலத்திற்கே ஒத்து வளர்கின்றது எனத் தெளிந்து, தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். தாம் முன்பு கொண்டிருந்த அப்பிழையைப் பிற்காலத்து நூலில் மறையாது குறிப்பிட்டும் சென்றார். பிறர் கொள்கையை மறுத்தற்கு வேண்டுவது அறிவு. தம் கொள்கையைத் தாமே மறுத்தற்கு வேண்டுவது அறிவினும் பெரிய தொன்று.

வானமும் வழக்கும்

1609ஆம் ஆண்டு ஒல்லாந்தில் தொலைநோக்காடி செய்யப்பட்ட செய்தியைக் கேட்ட கலிலியோ, தாமே ஒன்றைச் செய்து படிப்படியாக ஆற்றல் மிகச் செய்தார். திங்களில் மலைகளும் பள்ளங்களும் கண்டார். 1610ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் இரவு வியாழனுக்கருகே சிறு மீன்கள் மூன்று தோன்றின. சில நாளில் நான்காவதும் தோன்றிற்று. அவை வியாழனைச் சுற்றி வருவன என்று உணர்ந்தபோது, விண்பொருள் யாவும் நிலவுலகையே சுற்றும் என்னும் பழங்கொள்கை ஆட்டங்கண்டது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் இச்செய்திகளைச் சிறு நூலாக வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் அவர் பெயர் பரவிற்று. புளோரென்ஸ் நகரத்துக் கோசிமோ பெருங்கோமகனின் அரசவைக் கணிதராய் அமர்ந்தார். வெள்ளியும் திங்களைப்போல் வளர்ந்து தேய்தலைக் கண்டு, அது ஞாயிற்றைச் சுற்றுகின்றது என்று துணிந்தார்.

ஞாயிறு நடுவே நிற்க உலகமே சுழல்கின்றது என்னும் கோப்பர்நிக்கஸின் நூல் 1543ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. யோசுவாவின் வேண்டுகோளால் சூரியன் நின்றது என்று வேதாகமம் கூற, சூரியன் இயல்பாகவே நிற்கின்றது என்பது எங்ஙனம் பொருந்தும் என்று சமயவாணர் வினவினர். வேதமும் இயற்கையும் ஒரே கடவுளிடத்தினின்று வந்தனவாதலின் தம்முள் முரணா, வேதம் மக்களை மீட்பின் வழியிற் செலுத்த வந்ததேயன்றி வானநூல் கற்பிக்க வந்ததன்று என்னும் கருத்தமைய 1615ஆம் ஆண்டு கலிலியோ நீண்ட கடிதமொன்று எழுதினார். அவர் திருச்சபையின் பகைவரல்லர்; இறுதிவரை அதன் மகனாகவே வாழ்ந்தார். 1616ஆம் ஆண்டு கோப்பர்நிக்கஸின் நூல் திருத்தப்படும்வரை தடுத்துவைக்கப்பட்டது. அக்கொள்கையை உண்மையெனக் கொள்ளலும் நாட்டலுங் கூடாது என்று கர்தினால் பெல்லார்மின் கலிலியோவை எச்சரித்தார்.

நடுநிலையாக நோக்கின், உலகு சுழல்வதற்கு முடிந்த சான்று அந்நாளில் எவரிடத்தும் இல்லை. கடலின் ஏற்றவற்றம் அதற்குச் சான்றாகும் எனக் கலிலியோ கருதியது பிழையே. நிலவுலகின் இயக்கத்தை விண்மீன்களின் தோற்றத்தினின்று பிராட்லி காட்டியது 1728ஆம் ஆண்டிலாகும். ஆயினும் சான்று போதாதெனின் மேலும் ஆராய்க என்பது ஒன்று. ஆராயற்க என்பது மற்றொன்று.

1623ஆம் ஆண்டு, கலிலியோவிடத்து அன்புடைய பர்பெரினி, எட்டாம் அர்பன் என்னும் பெயருடன் பாப்பரசரானார். காலம் மாறிற்று எனக் கருதிய கலிலியோ, இரு பெரும் உலக அமைப்புகளைப் பற்றிய உரையாடல் நூலை 1632ஆம் ஆண்டு வெளியிட்டார். இலத்தீனில் எழுதாது, பொதுமக்களும் படிக்குமாறு இத்தாலிய மொழியில் எழுதினார். பாப்பரசர் விரும்பிய நியாயத்தை, அந்நூலில் ஓயாது தோல்வியுறும் சிம்பிளிச்சியோ என்பவன் வாயிலே வைத்தது நுண்ணறிவுடையார் செய்யும் செயலன்று. அரசர் சினந்தார். எழுபதை அணுகிய நோயாளியாகிய கலிலியோ 1633ஆம் ஆண்டு மாரிக்காலத்தில் ரோமாபுரிக்கு வரவழைக்கப்பட்டார். ஜூன் 22ஆம் நாள், மினர்வா மடத்தில் முழந்தாட்படியிட்டு, உலகு இயங்குகின்றது என்னும் கொள்கையை வெறுத்துக் கைவிடுவதாகச் சபதஞ் செய்தார். தீர்ப்பளிக்க அமைந்த கர்தினால்மார் பதின்மருள் எழுவரே கையொப்பமிட்டனர். எழுந்தபோது, ஆயினும் அஃது இயங்குகின்றது என முணுமுணுத்தார் எனப் பலரும் சொல்லும் கதை, அவர் இறந்து நூறாண்டின் பின்னரே அச்சேறியது. மண்டியிட்ட முதியவர் ஒன்றுங் கூறாமலே எழுந்தார் என்று கொள்ளுதலே பொருந்தும்.

ஆர்செத்ரி இல்லம்

சிறைத்தண்டனை வீட்டுக்காவலாக மாற்றப்பட்டது. சியெனா நகரத்து அத்தியட்சர் பிக்கொலோமினி அவரைத் தம் இல்லத்தில் வைத்து அன்பால் தேற்றினார். இயக்கத்தைப் பற்றிய பழங்குறிப்புகளை மீண்டும் எடுத்து நூலாக்கத் தொடங்கியது ஆங்குத்தான். அவ்வாண்டு டிசம்பரில் புளோரென்ஸுக்கு அருகிலுள்ள ஆர்செத்ரியில் தம் இல்லத்திற் காவலில் இருக்க விடப்பட்டார்.

அவ்வில்லத்திற்கு அணித்தே அவர் புதல்வியர் இருவரும் வாழ்ந்த கன்னியர் மடம் இருந்தது. மணமின்றிப் பிறந்தமையால் அவர்கட்குத் தக்க மணம் வாய்த்தலரிதெனக் கருதி, இளமையிலேயே கலிலியோ அவர்களை அங்குச் சேர்த்திருந்தார். அவர்கள் விருப்பத்தைக் கேட்டுச் செய்தாரெனத் தோன்றவில்லை. அவர் வாழ்வில் நாம் போற்றவியலாத செயல் இது. எனினும் மூத்தவளாகிய வர்ஜீனியா, மரியா செலஸ்தே என்னும் துறவுப்பெயருடன், தந்தையிடத்துக் குன்றாத அன்பு பூண்டிருந்தாள். அவள் எழுதிய கடிதங்கள் 124 இன்றும் உள்ளன. தந்தை எழுதியன அழிந்தன. தீர்ப்பின்படி மூன்றாண்டு வாரந்தோறும் கலிலியோ ஓதவேண்டிய மனஸ்தாப சங்கீதங்கள் ஏழனையும் தானே அவர்பொருட்டு ஓதுவதாக அவள் ஏற்றுக்கொண்டாள். குற்றவாளியெனப் பெயர்பெற்ற தந்தைக்காக மகள் தன் சிற்றறையில் இருந்து சங்கீதம் ஓதிய காட்சியை நினைக்குந்தோறும் நம் நெஞ்சம் உருகுகின்றது. தந்தை வீடு திரும்பிய சில திங்களில், 1634ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், தன் முப்பத்துமூன்றாம் வயதில் அவள் இறந்தாள்.

அத்துயரிலும் கலிலியோ எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர். முப்பதாண்டின் முன் பதுவாவில் நீரை நிறுத்து அளந்த அளவைகள் யாவும் நூலுருப் பெற்றன. பொருள்களின் வலிமை, இயக்கம் என்னும் இரு புதுக்கலைகளைப் பற்றிய அந்நூல் நான்கு நாள் உரையாடலாக அமைந்தது. மூன்றாம் நாளிற் சீரான வேகமும் சீராக வளரும் வேகமும் கூறப்படுகின்றன. நான்காம் நாளில் எறிபொருள் செல்லும் வழி பரவளைவு என்று நிறுவப்படுகின்றது. இத்தாலியில் அவர் நூலை அச்சிடுவார் இலராயினர். கையெழுத்துப்படி ஒல்லாந்து சேர்ந்து, 1638ஆம் ஆண்டு லெய்டன் நகரில் எல்செவியர் அச்சகத்தில் அச்சேறியது. தம்மையறியாமலே அச்சிட்டனர் என்பதுபோல் முன்னுரையிற் காட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அச்சுநூல் அவர் கைக்கு வந்தபோது அவர் இரு கண்களும் ஒளியிழந்திருந்தன. திங்களின் மலைகளை உலகிற்குக் காட்டிய கண்கள் தாம் எழுதிய நூலின் ஓர் எழுத்தையும் காணப் பெற்றில.

இறுதியாண்டுகளில் இளைஞராகிய விவியானியும், பின்னர் டாரிசெல்லியும் உடனிருந்து அவர் கூறுவனவற்றை எழுதினர். 1642ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் கலிலியோ உயிர்நீத்தார். நினைவுமாடம் எழுப்பப் பாப்பரசர் இசையாமையின், புளோரென்ஸ் திருச்சிலுவைக் கோயிலின் ஒருபுறத்துச் சிற்றறையில் அடக்கம் செய்தனர். 1737ஆம் ஆண்டு அவர் உடல் அக்கோயிலிலேயே எழுப்பிய பெருமாடத்திற்கு மாற்றப்பட்டது. தடைசெய்த நூல்களின் 1835ஆம் ஆண்டுப் பட்டியலில் அவர் உரையாடல் நூல் இடம்பெறவில்லை. 1971ஆம் ஆண்டு திங்களில் இறங்கிய டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் ஒருங்கே விடுத்தார். காற்றில்லாத அவ்விடத்தில் இரண்டும் ஒருங்கே தரையைச் சேர்ந்தன. 1992ஆம் ஆண்டு பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், கலிலியோவின் வழக்கில் இறைநூலார் தவறியதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

முடிவுரை

கலிலியோ உயிர்க்கஞ்சி உண்மையை மறுத்தார் என்று இகழ்வார் உளர். உயிர்விட்ட இரத்தசாட்சிகளின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு அவ்விகழ்ச்சி எளிதில் தோன்றக்கூடும். ஆனால் மண்டியிட்டு எழுந்த அம்முதியவர் அதன்பின் செய்தது யாது என்பதையும் நோக்குதல் வேண்டும். மானமிழந்தார், மகளை இழந்தார், கண்ணிழந்தார், இவ்விழப்புகளுக்கிடையே தம் நூல்களுள் தலைசிறந்ததை எழுதி முடித்தார். வானத்தைப் பற்றி வாய்திறவாதே என்றவர்கள், சரிவில் உருளும் வெண்கலக் குண்டைப் பற்றிப் பேசலாகாது என்று கூற மறந்தனர். அக்குண்டின் விதியே பின்னர் நியூட்டன் கையில் வளர்ந்து, கோள்களின் இயக்கத்தையும் விளக்கிற்று. அடைத்த கதவின் வழியே செல்ல இயலாத உண்மை, ஆய்வுக்கூடத்துச் சிறு பலகையின் வழியே உலகிற்குள் வந்தது.

விசுவாசமுடையார் ஆராய்ச்சிக்கு அஞ்சவேண்டுவதில்லை. ஆராய்ச்சியுடையார் விசுவாசத்தை எள்ளவேண்டுவதுமில்லை. படைத்தவன் ஒருவனாயின், படைப்பை அளந்தறிதலும் ஒரு வகை வழிபாடேயாம். நம் கல்லூரி ஆய்வுக்கூடத்திற் சாய்தளத்தின்மேல் குண்டை உருட்டிக் காலங் குறிக்கும் மாணவ நண்பர்கள், விடை பொருந்தாதபோது எண்ணைத் திருத்தி எழுதாமல் மீண்டும் ஒருமுறை உருட்டிப் பார்ப்பார்களாயின், அதுவே கலிலியோவுக்கு அவர்கள் செய்யத்தக்க நன்றியாம்.